தராசைப் பிடிக்கும் கை

நோயாளி மருத்துவரை நம்புகிறான். மருத்துவர் யாரை நம்புகிறார்?

விந்தையான கேள்வி என்று எண்ண வேண்டாம். மருத்துவரும் எவரையேனும் நம்பித்தான் ஆக வேண்டும். ஒரே ஒரு நோயைப் பற்றி ஓராண்டில் உலகெங்கும் வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகள் மலைபோல் குவிகின்றன. காலை முதல் இரவு வரை நாடி பார்த்து, நெஞ்சொலி கேட்டு, மருந்தெழுதித் தரும் மருத்துவர், அத்தனையையும் படித்து, அலசி, எடைபோட்டு முடிவு காண இயலுமா? இயலாது. எனவே அவருக்காகப் படிப்பதற்கென்றே ஒரு குழு கூடுகிறது. துறையில் பெயர் பெற்றோர் பத்துப் பேர், இருபது பேர் அமர்கின்றனர். ஆய்வுகளைத் திரட்டுகின்றனர், ஒப்பு நோக்குகின்றனர், “இந்த நோய்க்கு இம்மருந்தை முதலில் கொடு, இந்த அளவைத் தாண்டினால் சிகிச்சையைத் தொடங்கு, இன்னாருக்கு இதைக் கொடுக்காதே” என்று வகுத்து எழுதித் தருகின்றனர். சிகிச்சை வழிகாட்டு நெறிகள் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதப்படும் நெறிகள் அங்கேயே நின்றுவிடுவதில்லை. கடல் கடந்து நம் நாட்டு மருத்துவர் மேசைக்கும் வருகின்றன.

தனி மருத்துவர் ஒருவர் தவறினால், அத்தவறு அவருடைய அறைக்குள் அடங்கும். நெறி எழுதிய குழு தவறினால், அது பல்லாயிரம் மருத்துவரின் தவறாகும். அவர்களை நாடி வந்த இலட்சக்கணக்கான நோயாளிகளின் உடலில் சென்று முடியும். அவ்வளவு பெரிய தராசு அது. அந்தத் தராசைப் பிடிக்கும் கை யாருடையது? அந்தக் கையில், நிறுக்கப்படும் மருந்தைச் செய்து விற்பவனின் பணமும் இருக்கிறதா?

“கேட்கலாமா இப்படி? கற்றறிந்த பெருமக்களை ஐயுறுவது முறையாகுமா?” என்பர் சிலர். கேட்கலாம், கேட்டும் இருக்கின்றனர்.

2002-ஆம் ஆண்டு, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில், சௌத்ரி, ஸ்டெல்ஃபாக்ஸ், டெட்ஸ்கி என்னும் மூவர் எழுதிய ஆய்வு வெளிவந்தது. 1991 முதல் 1999 வரை வெளியான 44 வழிகாட்டு நெறிகளை எழுதியோரில் 192 பேருக்கு அவர்கள் வினாத்தாள் அனுப்பினர். 100 பேர் விடை தந்தனர். மருந்து நிறுவனங்களோடு ஏதேனும் ஒரு வகைத் தொடர்பு கொண்டோர் நூற்றுக்கு 87. ஆய்வு நடத்த நிறுவனப் பணம் பெற்றோர் நூற்றுக்கு 58. நிறுவனத்தின் ஊழியராகவோ ஆலோசகராகவோ பணி புரிந்தோர் நூற்றுக்கு 38. தாம் எழுதிய நெறியில் எந்த மருந்து ஆராயப்பட்டதோ, அதே மருந்தைச் செய்யும் நிறுவனத்தோடு உறவுடையோர் நூற்றுக்கு 59. சரி, அந்த 44 நெறிகளுள், எழுதியோரின் பணத் தொடர்பைக் குறிப்பிட்டு அச்சிட்டவை எத்தனை? இரண்டே இரண்டு!

இந்த எண்கள் போதும் எனச் சினந்து எழுவோரும் உண்டு. ஆனால் அந்த ஆய்வில் இவற்றினும் ஆழமான எண்கள் இரண்டு உள்ளன. “உம்முடைய தொடர்பு, நீர் தந்த பரிந்துரையைச் சாய்த்ததா?” என்று கேட்டனர். ஆம் என்றோர் நூற்றுக்கு 7. “உம்மோடு அமர்ந்து எழுதினாரே, அவருடைய பரிந்துரையை?” என்று கேட்டனர். ஆம் என்றோர் நூற்றுக்கு 19.

நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு இது. இரு கேள்விகளும் ஒரே வகை மனிதரைப் பற்றியவை. எனக்குப் பிறன் அவன். அவனுக்குப் பிறன் நான். பிறன் பக்கம் சாய்வைக் காணும் கண், தன் பக்கம் திரும்பும்போது மங்கிப் போகிறது. இவர்கள் பொய்யர்களா? அல்லர். பொய்யராக இருந்தால் சிக்கல் எளிது. பொய்யனைப் பிடிக்கலாம், தண்டிக்கலாம். தான் நேராகத்தான் நிற்கிறோம் என்று நெஞ்சார நம்புகிறவனை என்ன செய்வது? எந்தச் சட்டத்தின் கீழ் அவனைக் கூண்டில் ஏற்றுவது?

கையூட்டு வேறு, இது வேறு. கையூட்டுப் பெறுகிறவன் தான் செய்வது இன்னதென்று அறிவான், இருட்டில் வாங்குவான், இடுப்பில் மறைப்பான். இங்கே நடப்பதோ பட்டப்பகலில் நடக்கிறது. ஆய்வுக்கு நன்கொடை வருகிறது, ஆய்வு நடைபெறுகிறது. மாநாட்டுக்கு அழைப்பு வருகிறது. சொற்பொழிவுக்கு ஊதியம் வருகிறது. உழைப்புக்குக் கூலி என்றுதான் வாங்குகிறவர் எண்ணுகிறார். அதில் பொய்யும் இல்லை. ஆனால் பணத்தோடு கூடவே வேறொன்றும் வந்து சேருகிறது: பழக்கம், நட்பு, நன்றியுணர்ச்சி. உதவியவரை மறவாதே என்பது நாம் குழந்தைகளுக்குக் கற்றுத் தரும் பண்பு. அந்த நற்பண்பே இங்கே ஓசையின்றித் தராசுத் தட்டில் ஏறி அமர்ந்துகொள்கிறது. கெட்ட குணம் ஏறி அமர்ந்தால் கண்டு விரட்டிவிடலாம்; நல்ல குணம் ஏறி அமர்ந்தால் அதை எடையென்றே எவரும் எண்ணுவதில்லை.

எண்ணாததன் விளைவு என்ன? நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

தொற்று நோய் முற்றி, குருதியில் நஞ்சேறி, உறுப்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும் கொடிய நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். அதற்கென ‘சைகிரிஸ்’ என்னும் மருந்தை எலி லில்லி என்ற அமெரிக்க நிறுவனம் 2001-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு நோயாளிக்கு ஆகும் மருந்துச் செலவு ஏறத்தாழ 6,800 டாலர். இசைவு தரலாமா என்று அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு வாக்கெடுத்தபோது பத்துப் பேர் ஆம் என்றனர். பத்துப் பேர் வேண்டாம் என்றனர். வல்லுநரே சரிபாதியாகப் பிரிந்து நின்ற மருந்து அது. இசைவு கிடைத்தது, எதிர்பார்த்த விற்பனை கிடைக்கவில்லை.

செப்சிஸால் விளையும் சாவைக் குறைப்போம் என்னும் உயரிய குறிக்கோளுடன் 2002-இல் ஓர் உலக இயக்கம் பார்சிலோனாவில் தொடங்கிற்று. 2004-இல் அது சிகிச்சை நெறிகளை வெளியிட்டது. சைகிரிஸுக்கும் அதில் இடம் இருந்தது. 2006-இல், அமெரிக்க அரசின் தேசிய நல்வாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் மூவர், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் திரையை விலக்கினர். இயக்கத்தின் முதல் இரு கட்டங்களுக்கான நிதியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எலி லில்லி நிறுவனம் தந்தது என்றனர். இயக்கத்தினர் மறுத்துரைத்தனர்: நன்கொடைக்கு நிபந்தனை இல்லை, நெறி எழுதிய கூட்டத்தில் நிறுவனத்தார் எவரும் அமரவில்லை என்றனர். இருக்கலாம். அந்தச் சொல்லை ஐயுற வேண்டிய தேவையும் நமக்கில்லை. நன்றியுணர்ச்சிக்குக் கூட்டத்தில் நாற்காலி தேவையில்லையே!

பின்னர் என்ன நேர்ந்தது? அதிர்ச்சி நிலையை எட்டிய செப்சிஸ் நோயாளிகள் ஏறத்தாழ 1,700 பேரிடம் மருந்து மீண்டும் சோதிக்கப்பட்டது. இருபத்தெட்டு நாளுக்குள் இறந்தோர், மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 26.4, வெறும் போலி மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 24.2. சாவைத் தடுக்கவென வந்த மருந்து சாவைத் தடுக்கவில்லை. 2011 அக்டோபரில் நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பத்தாண்டுக் காலம்! குருதிப்போக்கை உண்டாக்கவல்ல ஒரு மருந்து, அத்தனைக் காலம், சாவோடு போராடும் நோயாளிகளின் குருதிக் குழாயில் ஏற்றப்பட்டது.

“பார்த்தீர்களா, பணம் பெற்றோர் தவறான நெறி தந்தனர், ஆகவே பணம் தீது” என்று இங்கேயே முடித்துவிட்டால் நம் வாதம் நொண்டியாகிவிடும். ஏனெனில், பணத் தொடர்பு உடையோர் தந்த நெறி சரியாக அமைந்ததும் உண்டு.

2004 ஜூலையில் அமெரிக்க அரசின் கொலஸ்டிரால் கல்வித் திட்டம் தன் நெறிகளைப் புதுப்பித்தது. மாரடைப்பு அச்சம் மிகுந்தோருக்குக் கெட்ட கொழுப்பின் அளவை முன்னினும் தாழ்த்தலாம், 70-க்கும் கீழே கொண்டுவரலாம் என்றது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துக்குப் புதிய கதவுகள் திறந்தன. எழுதியோர் ஒன்பது பேர். அவர்களுள் எட்டுப் பேருக்கு ஸ்டாட்டின் செய்யும் நிறுவனங்களோடு பணத் தொடர்பு இருந்தது. கட்டுரையில் அச்செய்தி இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே பட்டியல் வெளியாயிற்று. ஆனால் பின்னாளில் வந்த ஆய்வுகள், அச்சம் மிகுந்த அந்த நோயாளிகளைப் பொறுத்தவரை, அவ்வறிவுரைக்குப் பெரிதும் துணை நின்றன.

அப்படியானால் அந்த எட்டுப் பேர் அமர்ந்தது சரியா? சரியன்று என்பதே என் முடிவு. ஒரு தீர்ப்பு சரியாக அமைவது வேறு. சரியானது என்று நம்பத்தக்கதாக அமைவது வேறு. சோதிடன் சொன்னதும் சில நேரம் பலிக்கிறது. அதனால் சோதிடம் அறிவாகிவிடுமா? நெறியைப் படிக்கும் சிற்றூர் மருத்துவருக்கு, ஏழாண்டு கழித்து வரப்போகும் ஆய்வின் முடிவு தெரியாது. எழுதியவரின் நடுநிலை ஒன்றே அன்று அவர் கையில் உள்ள சான்று. அதுவும் இல்லையென்றால், சைகிரிஸையும் ஸ்டாட்டினையும் அவர் எப்படிப் பிரித்தறிவார்? நல்ல மருந்தின் மீதும் ஐயம் படரும். கெட்ட அறிவுரையால் ஒரு சிலர் சாவர். நல்ல அறிவுரையை நம்பாமல் வேறு சிலர் சாவர். நடுநிலை தவறிய தராசு இருபுறமும் கொல்லும்.

இனி, எதிர்வாதங்களைப் பார்ப்போம். அவை மூன்று.

முதல் வாதம்: “விலகு என்று சொல்வது நேர்மையாளரை இழிவுபடுத்துவதாகும்.” பள்ளித் தேர்வை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் ஒருவரின் மகன் தேர்வு எழுதுகிறான். அவன் விடைத்தாளை அவரே திருத்தலாமா? ஆகாது என்கிறோம். அவர் நேர்மையற்றவர் என்பதாலா? இல்லை. மிக நேர்மையான தந்தை, மகனுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தும் போட்டுவிடக்கூடும். மகனென்று வாரி வழங்கினார் என ஊர் சொல்லுமே என்னும் அச்சத்தால்! கூடினாலும் குறைந்தாலும் விடைத்தாளுக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை. ஆகவே தாளை வேறொருவர் கைக்கு மாற்றுகிறோம். அதனால் அந்த ஆசிரியரின் மதிப்பு ஒரு மாற்றுக்கூடக் குறைவதில்லை. பத்து மதிப்பெண்ணுக்கு நாம் காட்டும் எச்சரிக்கையை, பத்தாயிரம் உயிருக்குக் காட்டக் கூடாதா?

இரண்டாம் வாதம்: “தொடர்பை மறைக்காமல் அறிவித்துவிட்டால் போதும், படிப்பவர் பார்த்துக்கொள்வார்.” அறிவிப்பது வேண்டும்; ஐயமில்லை. அமெரிக்காவில் 2010-இல் சட்டமே இயற்றினர். எந்த மருத்துவருக்கு எந்த நிறுவனம் எவ்வளவு தந்தது என்னும் கணக்கு 2014 செப்டம்பர் முதல் எவரும் காணும்படி வெளியிடப்படுகிறது. நல்ல பணி, பாராட்டத்தக்க பணி. ஆனால் போதுமான பணியா?

கெய்ன், லோவென்ஸ்டைன், மூர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர் 2005-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு விடை கூறுகிறது. ஒரு சாடி நிறைய நாணயங்கள். அதன் மதிப்பைச் சிலர் ஊகிக்க வேண்டும். அவர்கள் சாடியைத் தொலைவிலிருந்து சிறிது நேரமே பார்க்கலாம். அருகிலிருந்து நன்கு பார்த்த ஆலோசகர்கள் அவர்களுக்கு அறிவுரை தருவர். ஆலோசகருள் ஒரு சாராருக்கு, ஊகிப்பவன் எவ்வளவு மிகுதியாகச் சொல்கிறானோ அவ்வளவு ஊதியம். “எனக்கு இப்படிப் பணம் வருகிறது” என்பது ஊகிப்பவருக்கு அறிவிக்கப்பட்டபோது என்ன நிகழ்ந்தது? ஆலோசகர்கள் முன்னினும் கூட்டிச் சொன்னார்கள்! அறிவித்தாயிற்று, இனி அவன் பாடு என்னும் துணிவு வந்தது. கேட்டவர்களோ அந்த அறிவுரையைக் கழிக்க வேண்டிய அளவுக்குக் கழிக்கவில்லை. எவ்வளவு கழிப்பது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சாடியை அருகிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள் அல்லரே.

நோயாளியின் நிலையும், பெரும்பாலான மருத்துவரின் நிலையும் அதுவே. கட்டுரையின் இறுதியில், பொடி எழுத்தில், இன்னார் இன்ன நிறுவனத்திடம் பணம் பெற்றார் என்று அச்சிட்டால், அதைக் கொண்டு அவர் என்ன செய்வது? மருந்தின் அளவில் காற்பங்கைக் குறைத்துக் கொடுப்பதா? எடைக்கல்லில் குறை உண்டு என்று கடை வாசலில் பலகை தொங்கவிட்டால், கல் சரியாகிவிடுமா? சுமையை இறக்கிவைக்க வேண்டியவன், அதைக் கேட்பவன் தலையில் ஏற்றிவிட்டுப் போவதே வெற்று அறிவிப்பின் இலட்சணம்.

மூன்றாம் வாதமே வலிமையானது: “துறையை அறிந்தோர் அனைவருக்கும் தொடர்பு உண்டு, அவர்களை விலக்கினால் அறியாதோர்தாம் மிஞ்சுவர்.” இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. மருந்தைச் சோதிக்கப் பெரும்பொருள் வேண்டும். பல நேரங்களில் நிறுவனமே அதைத் தருகிறது. ஆகவே மருந்தை அறிந்தவர் நிறுவனத்தையும் அறிந்தவராக இருப்பது இயல்பு. அவருடைய அறிவு நமக்கு வேண்டும். வேண்டாம் என்று சொல்பவன் நோயாளிக்கு நண்பனல்லன்.

ஆனால் அறிவைப் பெறுவதற்கு அதிகாரத்தையும் கொடுத்தாக வேண்டுமா? நிகழ்ச்சியை நேரில் கண்ட சாட்சியைவிட ஒரு வழக்கை நன்கு அறிந்தவர் யார்? அதற்காக அவரை நீதிபதியின் இருக்கையில் அமர்த்துகிறோமா? கூண்டுக்கு அழைக்கிறோம், கேட்கிறோம், குறுக்கே கேட்கிறோம், நன்றி கூறி அனுப்புகிறோம். தீர்ப்பு எழுதும் பேனா வேறு கையில் இருக்கிறது. வல்லுநரும் அவ்வாறே வரட்டும். தாம் அறிந்ததையெல்லாம் சொல்லட்டும். கேள்விக்கு விடை தரட்டும். வாக்கெடுக்கும் நேரத்தில் எழுந்து வெளியே செல்லட்டும். ஆய்வுகளை எடைபோடும் முறையில் தேர்ந்தவர்கள், விற்பனையில் பங்கற்றவர்கள், முடிவை எழுதட்டும்.

கனவு என்று நகைக்க வேண்டாம். குருதி உறைதலைத் தடுக்கும் சிகிச்சைக்கான தன் நெறிகளின் ஒன்பதாம் பதிப்பை 2012-இல் வெளியிட்ட அமெரிக்க மார்பு நோய் மருத்துவர் கழகம், ஏறத்தாழ இவ்வழியைத்தான் வகுத்துக்கொண்டது. ஒவ்வோர் அதிகாரத்தின் பொறுப்பும், ஆய்வு முறைகளில் தேர்ந்த, நலன் முரண் இல்லாத ஒருவரிடம் தரப்பட்டது. முரண் உடைய வல்லுநர் கருத்துத் தரலாம்; முடிவில் பங்கு கொள்ளலாகாது என்பது ஏற்பாடு. அதற்கு முன்னாண்டே, 2011-இல், அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் நம்பத்தக்க நெறிகளுக்கான அளவுகோல்களை வெளியிட்டிருந்தது. குழுவின் தலைவருக்கு நலன் முரண் இருக்கலாகாது. முரண் உடையோர் சிறுபான்மையராகவே இருக்க வேண்டும். நிதி தருவோருக்கு நெறி வகுப்பதில் இடமே கூடாது என்றது. நல்ல அளவுகோல்தான். எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: சிறுபான்மையென்றாலும் வாக்கு வாக்குத்தானே? பத்துக்குப் பத்து எனக் குழு பிரிந்து நிற்கும் நாளில், ஒரே ஒரு வாக்கன்றோ உயிரின் விலையை முடிவு செய்கிறது?

“எல்லாம் சரி; இதற்காகும் செலவை யார் தருவது?” என்பார் கணக்குப் பார்ப்போர். அவர்களுக்கும் விடை உண்டு. நிறுவனம் வழங்கும் நன்கொடையும், ஆலோசகர் கட்டணமும், சொற்பொழிவு ஊதியமும் எங்கிருந்து வருகின்றன? வானிலிருந்து பொழிவதில்லை. மருந்து வாங்கிய நோயாளி எண்ணிக் கொடுத்த பணத்திலிருந்து வருகின்றன. தாலியை அடகு வைத்துத் தந்த பணமும் அதில் உண்டு. ஆக, இன்றும் செலவு செய்பவன் நோயாளிதான். நன்றி பெறுபவர் மட்டும் வேறொருவர்! அதே பணத்தை, வரியாக, பொது நிதியாக, நேர்வழியில் செலவிட்டால், நெறி எழுதுவோர் நன்றி பாராட்ட வேண்டியது மக்களுக்கு மட்டுமே.

கற்றவர் சொல்லுக்குத் தலைவணங்குவது நல்ல வழக்கம். ஆனால் அச்சொல்லின் பின்னே நிற்பது அறிவா, ஆதாயமா என்று கேட்டறிந்து வணங்குவது அதனினும் நல்ல வழக்கம். எழுதியவர் யார்? பணம் தந்தவர் யார்? வாக்களித்தவர் யார்? இம்மூன்று கேள்விகளுக்கும் முதற்பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், விடை தராத எந்த நெறியும் மருத்துவரின் மேசையில் இடம் பெறத் தகுதியற்றது. கேட்பதற்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. படுக்கையில் கிடப்பது நம் உடல்; கேட்கும் உரிமையும் நம்முடையதே.